முகம் அறியாதவரின் கொடையும் நன்றி சொல்லும் முறையும்

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ இதயத்தையோ பெற்று உயிர் பிழைத்தவர், அதைத் தந்தவரைப் பார்த்ததில்லை. தந்தவர் இப்போது உயிருடன் இல்லை. சம்மதக் கையெழுத்திட்ட குடும்பத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலான நாடுகளில் அவருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. அந்தக் குடும்பத்திடம் அவர் எதையும் கேட்டதில்லை, இதற்கு முன் எதையும் செய்ததுமில்லை. நன்றி சொல்ல நினைத்தால் யாருக்கு, எப்போது, எந்த வழியில், என்ன சொற்களில் என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளின் மருத்துவமனைகளும் பதிவகங்களும் இக்கேள்விகளுக்கு விடை தேடி, இதற்கென்றே ஒரு நாகரிகத்தை உருவாக்கியிருக்கின்றன. உறுப்பு தானத்தில் தொடங்கிய அந்த நாகரிகம் ஸ்டெம் செல், ரத்தம், தாய்ப்பால், உடல் தானம் ஆகியவற்றில் வெவ்வேறு வடிவம் எடுத்திருக்கிறது.

நன்றி சொல்வது ஏன் இவ்வளவு கடினமாகிறது என்பதற்குக் கொடை பற்றிய சமூகவியல் ஆய்வில் விளக்கம் உண்டு. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கொடை என்பது கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகளால் ஆனது என்று காட்டினார். தமிழ்நாட்டின் மொய் வழக்கம் இந்த மூன்றையும் நோட்டில் எழுதிவைத்தே நடக்கிறது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய முடியும். உறுப்பு தானத்தில் மூன்றாவது கடமையை நிறைவேற்ற வழியே இல்லை. பெற்றவர் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டவராகவே உணர்வதையும், அந்தச் சுமை சிலரை வாட்டுவதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேசி இருவரும் பல ஆண்டுகள் மாற்று சிகிச்சைப் பிரிவுகளில் இருந்து கவனித்து எழுதினார்கள். கொடையின் கொடுங்கோன்மை என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

திருக்குறளின் 11ஆம் அதிகாரமான செய்ந்நன்றி அறிதல், முன்பு எந்த உதவியும் பெறாத ஒருவர் வலிய வந்து செய்யும் உதவியில்தான் தொடங்குகிறது. அதற்கு எதுவும் ஈடாகாது என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த அதிகாரம் மேலே செல்கிறது. முகம் அறியாதவரின் கொடைக்கு நன்றி சொல்ல வருபவருக்கும் இதுவே சரியான தொடக்கம். ஈடு செய்யும் முயற்சியைக் கைவிட்டவருக்குத்தான் எழுத வேண்டிய சொற்கள் கிடைக்கின்றன.

ஆரம்பத்தில் இந்தத் துறையில் ரகசியம் என்பதே இல்லை. 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், குரோட் ஷூர் மருத்துவமனையில், டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். விபத்தில் சிக்கிய டெனிஸ் டார்வால் என்ற இளம்பெண்ணின் இதயம் லூயிஸ் வாஷ்கன்ஸ்கிக்குப் பொருத்தப்பட்டது. சம்மதம் தந்தவர் டெனிஸின் தந்தை. அதே விபத்தில் மனைவியையும் இழந்திருந்தவர் அவர். சில நாள்களுக்குள் இரு குடும்பங்களின் பெயர்களும் படங்களும் உலகப் பத்திரிகைகளில் வந்துவிட்டன. வாஷ்கன்ஸ்கி 18 நாள்களே உயிர் வாழ்ந்தார். டெனிஸின் சிறுநீரகம் வெள்ளையர் அல்லாத ஒரு சிறுவனுக்குப் பொருத்தப்பட்டது, நிறவெறி ஆட்சி நடந்த அந்நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கொடுத்தவரும் பெற்றவரும் பகிரங்கமாகும்போது அந்தக் கொடை ஊரார் வாயில் விழும் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த செய்தி.

தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் இரு தரப்புக்கும் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் தாராளமாகவே சொன்னார்கள். அதன் விளைவுகளைப் பார்த்தபின் தயங்கினார்கள். மகனை இழந்த பெற்றோர் சிலர், அவனுடைய இதயத்தைச் சுமப்பவரைத் தங்கள் மகனாகவே கருதத் தொடங்கினார்கள். பெற்றவர்களில் சிலர், நன்றி என்ற பெயரில் அந்தக் குடும்பத்தின் எல்லா எதிர்பார்ப்புகளுக்கும் கட்டுப்பட வேண்டுமோ என்று தவித்தார்கள். பொருத்திய உறுப்பு செயலிழந்தபோது ஒரே பிள்ளையை இரண்டாம் முறை இழந்ததுபோல் துயரப்பட்ட குடும்பங்களும் உண்டு. 1970களிலிருந்து பெயர் மறைப்பு படிப்படியாக விதியானது.

விதி இறுகியபோது அதன் மறுபக்கமும் தெரியவந்தது. 1994இல் இத்தாலியில் குடும்பத்துடன் காரில் போய்க்கொண்டிருந்த 7 வயது அமெரிக்கச் சிறுவன் நிக்கலஸ் கிரீன், கொள்ளையர் சுட்டதில் இறந்தான். பெற்றோர் ரெஜ் கிரீனும் மேகியும் அவனுடைய உறுப்புகளையும் கருவிழிகளையும் தானம் செய்தார்கள். 7 இத்தாலியர் பயனடைந்தனர். தங்கள் மண்ணில் கொல்லப்பட்ட அயல்நாட்டுக் குழந்தையின் பெற்றோர் தங்களுக்கே இப்படி ஒரு கொடை தந்தது அந்நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டுகளில் இத்தாலியில் உறுப்பு தானம் பெருமளவு உயர்ந்தது. நிக்கலஸின் பெற்றோர் உறுப்பு பெற்றவர்களை நேரில் சந்தித்தார்கள். அந்தச் சந்திப்பு தங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்று ரெஜ் கிரீன் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். ஆனால் 1999இல் இத்தாலி இயற்றிய சட்டம் இரு தரப்பின் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதித்தது. முதிய வயதிலும் ரெஜ் கிரீன் அந்தத் தடையைத் தளர்த்தக் கோரினார். 2018இல் அந்நாட்டின் தேசிய உயிரியல் அறநெறிக் குழு, இரு தரப்பும் சம்மதித்தால் தக்க காலம் கழித்துத் தொடர்பை அனுமதிக்கலாம் என்று கருத்துத் தெரிவித்தது.

இன்று நாடுகளின் நடைமுறை ஒரே சீராக இல்லை. ஸ்பெயின் உலகிலேயே அதிக அளவில் உறுப்பு தானம் நடக்கும் நாடுகளில் ஒன்று. அங்கே அடையாள மறைப்பு கண்டிப்பானது. ஜப்பானில் உறுப்பு மாற்று வலையமைப்பு வழியாக, பெயரில்லாத நன்றிக் கடிதங்கள் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலில் பெயரில்லாக் கடிதம், பிறகு இரு தரப்பும் விரும்பினால் நேரடித் தொடர்பு என்ற படிநிலை உண்டு. இங்கிலாந்தில் 2020இல் நடைமுறைக்கு வந்த உறுப்பு தானச் சட்டத்தை மக்கள் மேக்ஸ், கீரா என்ற இரு குழந்தைகளின் பெயரால் அழைக்கிறார்கள். கீரா இதயம் தந்த சிறுமி. மேக்ஸ் அதைப் பெற்ற சிறுவன். இரு குடும்பங்களும் பின்னர் சந்தித்தன. கொடுத்தவரின் பெயரும் பெற்றவரின் பெயரும் ஒரே சட்டத்தில் சேர்ந்து நிற்பது அரிது.

கடிதமே இந்த நாகரிகத்தின் மையம். அமெரிக்காவில் வழக்கமான முறை இது: பெற்றவர் தம் முதற்பெயரை மட்டும் குறிப்பிட்டு எழுதுகிறார். குடும்பப்பெயர், முகவரி, மருத்துவமனை, மருத்துவர் பெயர் ஆகியவற்றைத் தவிர்க்கிறார். கடிதத்தை ஒட்டாத உறையில் இட்டு, முழுப் பெயரும் அறுவை சிகிச்சை நாளும் எழுதிய தனித்தாளுடன் மருத்துவமனையில் கொடுக்கிறார். அங்குள்ள உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் படித்துப் பார்த்து, அடையாளம் தரும் விவரம் இருந்தால் திருத்தச் சொல்லி, கொடையாளர்களிடமிருந்து உறுப்புகளைப் பெறும் அமைப்பின் வழியாக அனுப்புகிறார். அந்த அமைப்பு முதலில் குடும்பத்திடம் கடிதம் வந்திருப்பதைச் சொல்லி, வேண்டுமா என்று கேட்கிறது. இப்போது வேண்டாம் என்றால் கோப்பில் வைத்துக் காக்கிறது. துக்கத்தில் இருப்பவர் கதவைத் திறக்கும் நேரத்தை அவரே முடிவு செய்யட்டும் என்ற இந்த ஏற்பாடு, முழு நடைமுறையிலும் மிகப் பண்பட்ட பகுதி.

கடிதத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நன்றிக் கடிதம் எழுத உட்காருபவர் உண்மையில் இரண்டு கடிதங்களை ஒன்றாக எழுதுகிறார். ஒன்று நன்றி, மற்றொன்று துக்க விசாரிப்பு. துக்க விசாரிப்பு முன்னால் வர வேண்டும். பிள்ளையை இழந்த தாய் உறையைப் பிரிக்கும்போது அவர் கண்ணில் முதலில் படும் வரி, எழுதியவரின் மகிழ்ச்சியைச் சொல்வதாக இருந்தால் அது கூசும். உங்கள் வீட்டில் நடந்த இழப்பை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை என்பது போன்ற எளிய தொடக்கம் போதும். இழப்பைச் சொல்லாமல் சுற்றி வளைப்பதைவிட நேராகச் சொல்வதே மரியாதை. தமிழ்நாட்டில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் அதிகம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, போய் வருகிறேன் என்றும் சொல்லாமல் எழுந்து வருவார்கள். அந்த அடக்கம் கடிதத்திலும் தெரிய வேண்டும்.

அடுத்து, பெற்ற உறுப்பு என்ன செய்தது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையே மாறிவிட்டது என்ற பொதுவான வரி படிப்பவர் மனதில் எதையும் விட்டுச்செல்வதில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் இப்போது காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை அளக்காமல் குடிக்கிறார் என்றால், அந்தக் குடும்பம் அதைக் கண்ணால் பார்க்கும். மாடிப்படி ஏற முடியாதவர் மகளின் பள்ளிக்கு நடந்து போகிறார், கருவிழி பெற்றவர் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தாமே படிக்கிறார் என்பவையும் அப்படித்தான். சிறு விவரங்கள் அடையாளத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. அவை கொடையின் பயனைக் கண்முன் நிறுத்துகின்றன. உறுப்பைப் பெற்றது குழந்தை என்றால் அதன் பெற்றோர் எழுதுவார்கள். குழந்தை வரைந்த ஒரு படத்தை உடன் வைப்பது பல நாடுகளில் வழக்கம்.

கொடுத்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டும். அமெரிக்க உளவியலாளர் சாரா ஆல்கோ குழுவினரின் ஆய்வு, நன்றி சொல்லும்போது தனக்குக் கிடைத்த நன்மையை மட்டும் சொல்வதைவிட, செய்தவரின் குணத்தையும் செயலையும் பாராட்டுவது உறவை அதிகம் வலுப்படுத்துவதாகக் காட்டுகிறது. முகம் தெரியாதவரின் குணத்தை எப்படிச் சொல்வது? அந்தக் குடும்பம் எடுத்த முடிவைச் சொல்லலாம். வாழ்க்கையின் மிக மோசமான நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, தெரியாத யாரோ ஒருவருக்காக யோசித்தார்களே என்பதைச் சொல்லலாம். அவர்களுடைய பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை, விருப்பமிருந்தால் எழுதுங்கள் என்று சேர்க்கலாம். பல குடும்பங்கள் ஏங்குவது இதற்குத்தான். இறந்தவரின் பெயரைச் சொல்லவும், அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று பேசவும் ஒரு காது கிடைப்பதே அவர்களுக்குப் பெரிது.

எழுதக்கூடாதவையும் சில உண்டு. கடவுள் எனக்கு இந்த இதயத்தைக் கொடுத்தார் என்ற வரியை எழுதுபவர் பக்தியோடுதான் எழுதுகிறார். படிக்கும் தாய்க்கோ, தன் மகனை எடுத்துக்கொள்ளக் கடவுள் தீர்மானித்தார் என்று கேட்கக்கூடும். மத நம்பிக்கை சார்ந்த வாசகங்களில் கவனம் தேவை என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். தமிழில் தெய்வம் மாதிரி வந்து காப்பாத்தினீங்க என்பது இயல்பாக வாயில் வரும் சொல். அது செய்தவர்களைப் போற்றுவதால் தவறில்லை. தெய்வச் செயலாக விபத்தைக் காட்டுவதைத்தான் தவிர்க்க வேண்டும். உங்கள் மகன் எனக்குள் வாழ்கிறான் என்ற வரியும் இருமுனைக் கத்தி. சில குடும்பங்கள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். வேறு சிலருக்கு அது ஆறாத புண்ணைக் கிளறும். குடும்பமே அப்படிச் சொன்ன பிறகு சொல்வது பாதுகாப்பானது. கடனைத் தீர்ப்பேன் என்பது போன்ற வாக்குறுதிகளும் வேண்டாம்.

எப்போது எழுதுவது என்பதற்குக் கெடு இல்லை. சிலர் வீடு திரும்பிய சில வாரங்களில் எழுதுகிறார்கள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. தாமதமாகிவிட்டதே என்ற வெட்கம் எழுதாமல் விடுவதற்கு ஒரு காரணமாகிறது. தாமதமாக வந்த கடிதம் குடும்பத்துக்குத் தரும் கூடுதல் செய்தி ஒன்றுண்டு: இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உறுப்பு வேலை செய்கிறது. நினைவு நாளன்று போய்ச் சேரும்படி அனுப்புவதை மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

எழுதாதவர்களை நன்றிகெட்டவர்கள் என்று முடிவு கட்டுவது அநீதி. உறுப்புக்காகக் காத்திருந்த மாதங்களில், இன்னொருவரின் சாவுக்காகக் காத்திருக்கிறோமோ என்ற எண்ணம் பலரை அரிக்கிறது. கிடைத்தபின் அது குற்ற உணர்வாகத் தங்கிவிடுகிறது. மருத்துவர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் இதற்குச் சொல்லும் விடை தெளிவானது. காத்திருந்தவருக்காக யாரும் இறக்கவில்லை. இறப்பு எப்படியும் நடந்தது. அதற்குப் பின்னால் ஒரு குடும்பம் எடுத்த முடிவே கொடை. இதை உணர்ந்தவருக்குப் பேனா எளிதாக நகரும். சொற்கள் அழகாக இல்லையே என்பது மற்றொரு தயக்கம். அமித் குமார், நிக்கலஸ் எப்லி ஆகிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவரின் மகிழ்ச்சியைக் குறைத்தும் சங்கடத்தைக் கூட்டியும் மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. எழுதுபவர் சொல் நயத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். பெறுபவர் அதன் அன்பைத்தான் பார்க்கிறார்.

பதில் வராமல் போகலாம் என்பதைக் கடிதம் எழுதுபவர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். பதில் வராதது கோபத்தின் அடையாளம் ஆகாது. சிலருக்குப் படிப்பதே அதிகம். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது பெரிய உபகாரம். மாறாக, குடும்பம் முதலில் எழுதியிருந்தால், பெற்றவர் நாலு வரியாவது பதில் எழுதுவது கடமை. அங்கே மௌனம் உண்மையிலேயே புண்படுத்தும்.

பணமும் பரிசும் தனிச் சிக்கல். கைம்மாறு செய்யத் துடிக்கும் மனம் முதலில் நினைப்பது பணத்தைத்தான். குடும்பம் ஏழ்மையில் இருப்பது தெரிந்தால் அந்த எண்ணம் இன்னும் வலுக்கும். இந்தியாவின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புக்குப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. 2011 திருத்தத்துக்குப் பின் தண்டனை 5 முதல் 10 ஆண்டுச் சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். நல்லெண்ணத்தில் பின்னால் கொடுக்கும் பணமும் விலையாகத் தோற்றம் தரும். குடும்பத்தின் மீதே ஊர் பழி சொல்லும். பிள்ளையை விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தால் கொடையின் பெருமை முழுவதும் அழிந்துபோகும். ஆகவே பணம் வேண்டாம் என்பது சட்டத்துக்கு மட்டும் அஞ்சிச் சொல்லப்படுவதில்லை. கொடுத்தவரின் மானத்தைக் காக்கவும் அது தேவை.

நேரில் சந்திப்பது அனுமதிக்கப்படும் நாடுகளில், முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர் முன்னிலையில், யார் வீட்டிலும் இல்லாமல் பொது இடத்தில் நடக்கிறது. இதயம் பெற்றவரின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துத் தங்கள் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க விரும்பும் பெற்றோர் உண்டு. அதற்குச் சம்மதிப்பதா என்று பெற்றவர் முன்பே யோசித்து வைத்திருப்பது நல்லது. கேமராக்கள் இல்லாத சந்திப்பே நல்ல சந்திப்பு. தொலைக்காட்சிக்காக ஏற்பாடு செய்யப்படும் கண்ணீர்க் காட்சிகள் விழிப்புணர்வை வளர்க்கலாம். அங்கே இரு தரப்பும் தங்கள் மனதில் இருப்பதைப் பேச முடிவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கூர்மையானது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்தது மாநிலத்தையே திருப்பிப் போட்டது. இதயம் சென்னை நெரிசலைக் கடந்து நிமிடக் கணக்கில் ஒரு சிறுமிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதே ஆண்டு அரசின் உறுப்பு தானத் திட்டம் தொடங்கியது. பிறகு அது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மாவட்ட அதிகாரிகள் மலர் வளையத்துடன் கிராமத்து வீட்டு வாசலுக்கு வருவது, பெற்றவர்கள் சார்பில் சமூகம் சொல்லும் நன்றி. அடையாளம் மறைக்கப்பட வேண்டிய இடத்தில், யாரும் யாரையும் தேடிப்போகாமலே குடும்பம் கௌரவம் பெறுகிறது. பிரிட்டனில் செயின்ட் ஜான் அமைப்பு 2013 முதல் கொடையாளர் குடும்பங்களுக்கு வழங்கிவரும் விருதும் இதே வகையைச் சேர்ந்தது. நன்றியைப் பொதுமைப்படுத்தும் முறைகளில் தமிழ்நாட்டின் முறை மிகச் சிறந்த ஒன்று.

ஆனால் இங்கே பெயர் மறைப்பு காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை. இறந்தவரின் பெயர், ஊர், விபத்து நடந்த நாள், உறுப்புகள் எந்தெந்த மருத்துவமனைகளுக்குப் போயின என்பதெல்லாம் மறுநாள் செய்தித்தாளில் வருகின்றன. அதே நாளில் அதே மருத்துவமனையில் இதயம் பெற்றவருக்கு, கொடுத்தது யார் என்று ஊகிக்கச் சில நிமிடங்கள் போதும். தெரிந்துவிட்டது என்பதற்காக நேரே போய் வாசலில் நிற்பது முறையாகாது. பூவும் பழமும் கொண்டு கும்பிடப் போகும் மனம் தூய்மையானதுதான். எனினும் அந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருக்காது. தாத்தா பாட்டிக்கு உறுப்பு எடுத்த விஷயமே தெரியாமல் இருக்கலாம். உறவுகளுக்குள் கருத்து வேறுபாடும் இருக்கலாம். மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதே சரி.

ஸ்டெம் செல் தானத்தில் நிலைமை வேறு, ஏனெனில் கொடுப்பவர் உயிருடன் இருக்கிறார். ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களில் உடன்பிறந்த ஒருவருடன் திசுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. பொருத்தம் இல்லாதவர்கள் முன்பின் தெரியாதவரை நம்ப வேண்டும். 1974இல் ஷெர்லி நோலன் தம் மகன் ஆன்டனிக்காக லண்டனில் தொடங்கியது இவ்வகையில் உலகின் முதல் பதிவகம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி பதிவகம் 2009 முதல் இயங்குகிறது. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் முதல் இரண்டு ஆண்டுகள் பெயரில்லாமல் பதிவகம் வழியே மட்டும் எழுதிக்கொள்ளலாம். நோயாளி பிழைப்பாரா என்பது உறுதியாகாத காலத்தில் இரு தரப்பையும் காப்பதற்கே இந்த இடைவெளி. மறுபடி செல் தேவைப்பட்டால் கொடையாளர் நிர்ப்பந்தம் இல்லாமல் முடிவெடுக்கவும் இது வழிசெய்கிறது. இங்கே துக்க விசாரிப்பு தேவையில்லை. மகிழ்ச்சியைத் தயக்கமின்றிச் சொல்லலாம். சிகிச்சை பலிக்காமல் நோயாளி இறந்துவிட்டால், அவருடைய குடும்பம் ஒரு வரியாவது எழுதுவது பேருதவி. தன் செல் போதவில்லையோ என்று மனம் குமையும் கொடையாளருக்கு, நீங்கள் தந்த மாதங்களுக்கு நன்றி என்ற சொல்லை வேறு யாரும் சொல்ல முடியாது.

ரத்தத்திலும் தாய்ப்பாலிலும் நன்றி சொல்ல ஒரு முகவரிகூட இல்லை. ரத்தம் சிவப்பணுவாகவும் பிளாஸ்மாவாகவும் பிரிந்து பலரைச் சேர்கிறது. மும்பை சயன் மருத்துவமனையில் 1989இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. அத்தகைய வங்கிகளில் பல தாய்மாரின் பால் கலந்து பதப்படுத்தப்படுகிறது. குறைமாதக் குழந்தையின் தாய் யாருக்கு நன்றி சொல்வார்? ரத்த தானத்தில் இதற்குச் சுவீடனில் அழகான ஒரு வழி கண்டார்கள். தந்த ரத்தம் நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் கொடையாளருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி போகிறது. பெயர் எதுவும் இல்லை. கொடுத்தது பயன்பட்டது என்ற செய்தி மட்டுமே. கொடுத்தவருக்கு அதைவிட வேறு நன்றி தேவைப்படுவதும் இல்லை. பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய நூலில், முன்பின் தெரியாதவருக்கு விலையின்றி ரத்தம் தருவது ஒரு சமூகத்தின் தரத்தைக் காட்டும் என்று வாதிட்டார். இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது.

முகவரி இல்லாத நன்றி எங்கே போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் விடை. 14 வயதில் நடந்த பெரிய நுரையீரல் அறுவை சிகிச்சையில் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்த அவர், வயது வந்ததும் தாமும் கொடுப்பதாக உறுதி எடுத்தார். 1954இல் தொடங்கி 2018 வரை 1,173 முறை ரத்தமும் பிளாஸ்மாவும் தந்தார். அவருடைய பிளாஸ்மாவில் இருந்த அரிய எதிர்ப்பொருள், தாய்க்கும் கருவுக்கும் இடையிலான ஆர்ஹெச் ரத்தவகைப் பொருத்தமின்மையால் கருவில் பாதிக்கப்படும் குழந்தைகளைக் காக்கும் மருந்தாகியது. 24 லட்சம் குழந்தைகள் காப்பாற்றப்பட்டதாகச் செஞ்சிலுவை அமைப்பு மதிப்பிடுகிறது. 2025 பிப்ரவரியில் அவர் காலமானார். கொடுத்தவருக்குத் திருப்பித் தர முடியாததை வேறொரு முகம் அறியாதவருக்குத் தருவது, கடன் சுமையிலிருந்து விடுபட மனிதர் கண்ட மிக ஆரோக்கியமான வழி. உறுப்பு பெற்றவர்கள் தானப் பிரச்சாரத்தில் இறங்குவதும், காத்திருக்கும் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பதும் இதே வழியில் வருபவை.

உடல் தானத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் மருத்துவ மாணவர்கள். தாய்லாந்தில் உடற்கூறியல் வகுப்பில் இருக்கும் உடலைப் பேராசான் என்றே அழைத்து வணங்குகிறார்கள். தைவானின் ட்சு சி மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் இறந்தவரின் வீட்டுக்குப் போய், அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டறிந்து எழுதி, அதைப் படித்துவிட்டே வகுப்பைத் தொடங்குகிறார்கள். படிப்பு முடிந்ததும் உடலைத் தைத்து, உடை அணிவித்து, குடும்பத்தாருடன் சேர்ந்து இறுதிச் சடங்கு நடத்துகிறார்கள். இந்தியாவின் பல கல்லூரிகளிலும் முதல் வகுப்புக்கு முன் மாணவர்கள் உடலின் முன் நின்று உறுதிமொழி எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ட்சு சி முறை எல்லாவற்றிலும் சிறந்தது. கொடுத்தவரை ஒரு மனிதராக அறிந்துகொள்வதையே அது நன்றியின் முதல் படியாக வைக்கிறது.

நன்றியை எதிர்பாராமல் கொடுக்கும் மரபும் உண்டு. இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண் தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கருவிழிகளை அனுப்பியது. பின்னர் பல நாடுகளுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கிறது. பௌத்தத்தில் கண்ணைத் தானம் செய்த சிவி மன்னனின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள், எந்த நாட்டில் யார் பார்க்கிறார்கள் என்று அறியாமலே கொடுக்கிறார்கள். அங்கே கொடுப்பதன் புண்ணியமே கொடையாளரின் குடும்பத்துக்கு நிறைவு தருகிறது. ஆனாலும் ஒரு கடிதம் வந்தால் வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் அரிது.

தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும், நோயாளி வீடு திரும்பும் நாளில் மாத்திரைச் சீட்டோடு ஒரு பக்க வழிகாட்டுதலையும் தமிழில் தர வேண்டும். கொடையாளர் குடும்பத்துக்கு எப்படி எழுதலாம், எதை எழுத வேண்டாம், யாரிடம் கொடுக்கலாம் என்று அதில் இருந்தால் போதும். எழுத வராதவர் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒருங்கிணைப்பாளர் அரை மணி நேரம் ஒதுக்கலாம். உறுப்பு பெற்று வாழும் ஒவ்வொருவரும், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், தங்கள் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு மூன்று வரியாவது எழுத முன்வர வேண்டும்.